ப்ரீகேஜிக்குப் போகும் பிள்ளை: பெற்றோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஜூன் பிறந்ததும் மழலையர் பள்ளி வாசல்களில் காலை ஒன்பது மணிக்குக் கேட்கும் அழுகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். "நாலு நாள் அழும், அப்புறம் சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் எப்படிச் சரியாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அழுது பயனில்லை என்று ஓய்ந்துபோகும் குழந்தையும் உண்டு. அம்மா சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவாள் என்று நம்பி அழுகையை நிறுத்தும் குழந்தையும் உண்டு. இரண்டாவது வகை அமைதிதான் நமக்கு வேண்டும். மூன்று வயதில் கடிகாரம் தெரியாது. 'மதியம்' என்றால் எவ்வளவு நேரம் என்பதும் புரியாது. அந்தப் பிள்ளை பிடித்துக்கொள்ள நம்முடைய வாக்கு ஒன்றுதான் இருக்கிறது. கீழே உள்ள குறிப்புகளில் பல அந்த வாக்கைக் காப்பாற்றுவது பற்றியவை. மற்றவை டப்பா மூடி, ஜட்டி, செருப்பு போன்ற சில்லறை விஷயங்கள். முதல் மாதத்தில் அந்தச் சில்லறை விஷயங்களும் பெரிய விஷயங்களே.

1. வயதில் அவசரம் வேண்டாம். தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான காலத்தையே அடித்தளப் பருவம் என்று வகுக்கிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் இரண்டரை வயதில் சேர்ப்பதில் தவறில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறதே என்பதற்காகச் சேர்க்க வேண்டாம். அங்கன்வாடியையும் ஒதுக்கிவிடாதீர்கள். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வந்தவை அவை. நம் ஊரில் பால்வாடி என்றால்தான் பாட்டிகளுக்குப் புரியும். மதியச் சாப்பாடு, எடை பார்ப்பது, விளையாட்டு, பாட்டு எல்லாம் அங்கே உண்டு. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் என்பது சின்னக் குழந்தைக்குப் பெரிய வசதி.

2. பள்ளி பார்க்கப் போனால், வரவேற்பறையில் தொங்கும் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். தரை வழுக்குகிறதா, குழாய் குழந்தையின் கைக்கு எட்டுகிறதா, கூட யார் போவார்கள் என்று கேளுங்கள். அழுகிற குழந்தையை என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். "தூக்கி வெச்சுப்போம், ஊஞ்சல்கிட்ட கூட்டிட்டுப் போவோம்" என்று பதில் வந்தால் நல்லது. "எங்க ஸ்கூல்ல எந்தக் குழந்தையும் அழாது" என்று பதில் வந்தால் வேறு பள்ளி பாருங்கள்.

3. தூக்க நேரத்தை இரண்டு வாரம் முன்பே மாற்றத் தொடங்குங்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. காலை ஏழு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு ஒன்பதுக்குள் தூங்கியாக வேண்டும். நம் வீடுகளில் சீரியல் முடிந்து, அப்பா வந்து, சாப்பிட்டுப் படுக்கப் பத்தரை ஆகிறது. ஒரே நாளில் மாற்ற முடியாது. தினமும் கால் மணி நேரம் முன்னால் விளக்கை அணையுங்கள். வாசலில் அழும் பல குழந்தைகளுக்குப் பாதிக் காரணம் தூக்கக் கலக்கம்.

4. பிரிந்திருக்கப் பழக்குங்கள். பாட்டியிடமோ அத்தையிடமோ அரை மணி நேரம் விட்டுவிட்டுக் கடைக்குப் போய் வாருங்கள். போகும்போது "அம்மா காய் வாங்கிட்டு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டே போங்கள். வந்ததும் "சொன்ன மாதிரி வந்துட்டேன் பாத்தியா" என்று காட்டுங்கள். பிறகு ஒரு மணி நேரம், பிறகு ஒரு மதியம் என்று நீட்டலாம். பிரிவு என்றால் திரும்பி வருவதும் அதில் உண்டு என்று குழந்தை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

5. கழிப்பறைப் பழக்கம். எலாஸ்டிக் வைத்த கால்சட்டை மட்டும் போடுங்கள். ஜீன்ஸ், பெல்ட், கொக்கி எதுவும் வேண்டாம். வீட்டில் வெஸ்டர்ன் மட்டுமே பழகிய குழந்தை பள்ளியில் இந்தியன் கழிப்பறையைப் பார்த்துப் பயந்து, வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டே இருக்கும். அடக்கினால் மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்றும் வரலாம். ஆகவே இரண்டிலும் பழக்கிவிடுங்கள். ஒரு செட் மாற்றுத்துணியும், ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் கவரும் பையின் அடியில் எப்போதும் இருக்கட்டும். நனைத்துக்கொண்டு வந்தால் எல்லோர் முன்பும் பேச வேண்டாம். துணியை மாற்றிவிடுங்கள், போதும். பள்ளி சேர்ந்த புதிதில் இரவில் படுக்கையை நனைப்பதும் சகஜம், தானாகவே போய்விடும்.

6. வீட்டுச் சொற்களை மிஸ்ஸுக்கு எழுதிக் கொடுங்கள். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். ஒரு வீட்டில் 'உச்சா', இன்னொரு வீட்டில் 'மூச்சா', வேறொரு வீட்டில் 'ஒண்ணுக்கு'. சாப்பாடு ஒருவருக்கு 'மம்மு', ஒருவருக்கு 'பாப்பு'. தண்ணீரைச் சில குழந்தைகள் 'தாணி' என்று சொல்லும், சில குழந்தைகள் 'இங்கா' என்று சொல்லும். குழந்தை நாள் முழுக்க "இங்கா, இங்கா" என்று கேட்டு, ஒருவருக்கும் புரியாமல், நாக்கு வறண்டு வீட்டுக்கு வருவதை நினைத்துப் பாருங்கள். கால் தாள் போதும்: தண்ணீருக்கு என்ன சொல்லும், ஒண்ணுக்கு வந்தால் எப்படிக் காலைப் பின்னிக்கொள்ளும், தூக்கம் வந்தால் காதை இழுக்குமா கண்ணைக் கசக்குமா, எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், எந்தப் பாட்டைக் கேட்டால் சிரிக்கும், என்ன சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது. தெளிவான கையெழுத்தில் எழுதி மிஸ்ஸிடம் ஒன்று, ஆயாம்மாவிடம் ஒன்று கொடுங்கள். ஆயாம்மாவை மறக்கவே கூடாது. தூக்குவதும், துடைப்பதும், கழுவி விடுவதும் அவர்தான். முதலில் குழந்தை ஒட்டிக்கொள்வதும் அனேகமாக அவரிடம்தான்.

இங்கிலீஷ் மீடியம் என்பதற்காக வீட்டில் திடீரென்று ஆங்கிலத்தில் பேச ஆரம்பிக்காதீர்கள். புது இடம், புது முகம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிற நேரத்தில் அம்மாவின் பேச்சும் மாறினால் குழந்தை எங்கே போய் ஒதுங்கும்?

7. டிபன் பாக்ஸையும் வாட்டர் பாட்டிலையும் குழந்தையே திறந்து மூடினால்தான் வாங்குங்கள். கடையிலேயே அதன் கையில் கொடுத்துப் பாருங்கள். கார்ட்டூன் படம் போட்ட பாட்டிலில் மேலே பொத்தான், உள்ளே மடங்கிய ஸ்ட்ரா என்று இருக்கும். பெரியவர்களுக்கே கட்டைவிரல் வலிக்கும். பள்ளி தொடங்குவதற்கு முந்தைய வாரம், வீட்டில் பதினோரு மணி ஸ்நாக்ஸை அந்த டப்பாவிலேயே வைத்து, தரையில் பாய் போட்டு உட்காரவைத்துத் தானே எடுத்துச் சாப்பிட விடுங்கள். கொஞ்சம் சிந்தும். பரவாயில்லை.

உள்ளே என்ன வைப்பது? பழகிய சாப்பாடுதான். விரலால் எடுக்கிற அளவில் இட்லித் துண்டு, நெய் தடவிய குட்டி தோசை, பிசைந்த பருப்பு சாதத்தில் பிடித்த சின்ன உருண்டை, வாழைப்பழம். புதுச் சமையல் எதையும் முதல் மாதத்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம். முழு வேர்க்கடலை, பட்டாணி, முழுத் திராட்சை வைக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். திராட்சை கொடுத்தே ஆக வேண்டுமானால் நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுங்கள்.

8. வலது இடது தெரியாத பிள்ளைக்கு ஒரு வழி: ஒரு பூ ஸ்டிக்கரை நடுவில் வெட்டி, பாதியை ஒரு ஷூவின் உள்ளேயும் மறு பாதியை மற்றதிலும் உள்பக்க ஓரமாக ஒட்டுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் பூ முழுசாகத் தெரிய வேண்டும். லேஸ் வேண்டாம், ஒட்டுப்பட்டி வைத்த ஷூ வாங்குங்கள்.

9. பை, பாட்டில், டப்பா, டப்பா மூடி, தொப்பி, மாற்றுத்துணி எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். கூடவே ஒரே அடையாளம், ஒரு மீனோ நட்சத்திரமோ, எல்லாவற்றிலும் வரைந்துவிடுங்கள். எழுத்து படிக்கத் தெரியாத பிள்ளை மீனைப் பார்த்துத் தன் பையை எடுத்துக்கொள்ளும். பெயரைப் பைக்கு வெளியே பெரிதாக எழுதாதீர்கள். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை தெரிந்தவர் என்று நினைத்துப் போய்விடும்.

10. பள்ளியைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். "சேட்டை பண்ணினா ஸ்கூல்ல போட்டுடுவேன்", "இரு, மிஸ்கிட்ட சொல்றேன், பிரம்பால அடிப்பாங்க" என்று ஏப்ரல், மே முழுக்கச் சொல்லிவிட்டு ஜூனில் சிரித்துக்கொண்டே போ என்றால் எந்தக் குழந்தை போகும்? வீட்டுக்கு வரும் உறவினர்களும் விளையாட்டாக இதையே சொல்வார்கள். அவர்களிடமும் நாசூக்காகச் சொல்லி நிறுத்துங்கள். அதே மாதிரி, "அங்க ஒரே ஜாலிதான், பொம்மைதான், ஐஸ்கிரீம்தான்" என்று அளக்கவும் வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள்: "அங்க நிறைய பாப்பாங்க இருப்பாங்க. மிஸ் பாட்டு சொல்லித் தருவாங்க. மணல்ல விளையாடலாம். அம்மா உள்ள வரமாட்டேன். முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போவேன்."

11. வீட்டில் ஸ்கூல் விளையாட்டு விளையாடுங்கள். குழந்தை மிஸ், நீங்கள் மாணவர். நீங்கள் "அம்மா வேணும்" என்று அழுங்கள். உங்களை அது எப்படிச் சமாதானம் செய்கிறது என்று பாருங்கள். அதன் மனசில் என்ன பயம் இருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

12. வாசலில் விடைபெறுவது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நழுவி ஓடிவிடுவது நம் ஊரில் பரவலான வழக்கம். சில பள்ளிகளிலேயே "நீங்க பின்பக்கமா போயிடுங்க" என்று சொல்லித் தருகிறார்கள். செய்யாதீர்கள். அன்றைக்கு அழுகைச் சத்தம் உங்கள் காதில் விழாது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது அம்மா இல்லை என்று கண்ட குழந்தை, மறுநாள் முதல் வீட்டிலும் உங்கள் முந்தானையை விடாது. குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டும்.

எங்கள் பகுதியில் ஒரு தாத்தா பேத்தியைக் கொண்டுவந்து விடுவார். வாசற்படிக்கு முன்னால் குனிவார். பேத்தி அவருடைய சட்டைப்பைப் பொத்தானை மூன்று தரம் அமுக்கும். ஒவ்வொரு அமுக்கலுக்கும் அவர் "டிங்" என்பார். "பெல் அடிச்சதும் தாத்தா அந்த வேப்பமரத்தடியில நிப்பேன்" என்று கையால் மரத்தைக் காட்டுவார். பையை மாட்டிவிட்டு நடந்துவிடுவார். முதல் சில நாட்கள் அந்தக் குழந்தையும் அழுதது. அவர் பொத்தானையும் மாற்றவில்லை, மரத்தையும் மாற்றவில்லை. பெல் அடிக்கும் முன்பே மரத்தடியில் நிற்பார். வேறு எந்த வித்தையும் அவர் செய்யவில்லை, அது போதுமானதாக இருந்தது.

நீங்களும் இப்படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் ஒரு முத்தம், உள்ளங்கையில் ஒரு தட்டு, எதுவாக இருந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். விடைபெற்ற பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள். அழுகை கேட்டுத் திரும்பி வந்து தூக்கிக்கொண்டால், இன்னும் பலமாக அழுதால் அம்மா வருவாள் என்ற பாடம்தான் மிஞ்சும். மனசு கேட்கவில்லை என்றால் அரை மணி நேரம் கழித்து மிஸ்ஸுக்குப் போன் செய்து கேளுங்கள். பெரும்பாலும் "அப்பவே நிறுத்திட்டான்" என்றுதான் பதில் வரும்.

13. திரும்பி வரும் நேரத்தைக் குழந்தையின் கணக்கில் சொல்லுங்கள். "பன்னிரண்டு மணிக்கு வருவேன்" என்பது அதற்குப் புரியாது. "ஸ்நாக்ஸ் சாப்பிட்டு, பாட்டு பாடி, மணல்ல விளையாடினதும் வருவேன்" என்பது புரியும். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். எல்லாக் குழந்தைகளும் போய்விட்ட வகுப்பில் ஒன்று மட்டும் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, நமக்குக் கால் மணி நேரம். அது கால் மணி நேரம்தான் என்று குழந்தைக்குத் தெரியாது. நீங்கள் வர முடியாமல் சித்தப்பா வருவதாக இருந்தால் காலையிலேயே பிள்ளையிடமும் சொல்லுங்கள், மிஸ்ஸிடமும் சொல்லுங்கள்.

14. அம்மா வாசனை உள்ள பொருள் ஒன்று பையில் இருக்கட்டும். உங்கள் கைக்குட்டை, பழைய புடவையில் கிழித்த ஒரு துண்டு, அது கட்டிக்கொண்டு தூங்கும் துணிப் பொம்மை. ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும் மனநல ஆய்வாளருமான டொனால்டு வின்னிகாட் 1953-ல் வெளியான ஒரு கட்டுரையில் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தாயை விட்டுத் தனியே நிற்கப் பழகும் காலத்தில் இப்படிப்பட்ட ஒரு பொருளைக் குழந்தை துணையாக வைத்துக்கொள்கிறது என்றார். நம் பாட்டிமார் புடவைத் துண்டைத் தொட்டிலில் போட்டதும் இதற்குத்தான். துணி அழுக்காகிவிட்டதே என்று அவசரப்பட்டுத் துவைக்காதீர்கள், வாசனை போய்விடும். மிஸ்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "இது எதுக்கு" என்று வாங்கி வைத்துவிடுவார்கள்.

15. உங்கள் கண்ணில் தண்ணீர் நின்றால் குழந்தை அதைத்தான் பார்க்கும். அம்மாவே பயப்படுகிறாள், அப்படியானால் இந்த இடம் மோசம் என்று எடுத்துக்கொள்ளும். உங்களால் முடியவில்லை என்றால் முதல் சில நாட்கள் அப்பா கொண்டுபோய் விடட்டும். வீட்டுக்கு வந்து நீங்கள் நன்றாக அழுதுகொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

16. வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருங்கள். "பாவம், பால் மணம் மாறாத பிள்ளை, இன்னிக்கு ஒரு நாள் விடேன்" என்று பாட்டி சொல்வார். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் ஒரு நாள் அழுது தப்பித்த குழந்தை மறுநாளும் அழும். பாட்டிக்கும் ஒரு வேலை கொடுங்கள்: மாலையில் ஸ்கூல் பாட்டைக் கேட்டுக் கூடவே பாடுவது அவர் பொறுப்பு. யார் பள்ளிக்குப் பரிந்து பேசுவார் என்று ஒரு வாரத்தில் பாருங்கள்.

17. மாலையில் குடைந்து குடைந்து கேட்காதீர்கள். "என்ன சொல்லிக் குடுத்தாங்க? ஏபிசிடி சொல்லு பாப்போம். யாராவது அடிச்சாங்களா?" என்று வண்டியிலேயே ஆரம்பித்துவிடுகிறோம். பிள்ளை அங்கே இத்தனை நேரம் தன்னை அடக்கி வைத்திருந்து வந்திருக்கிறது. மிஸ்ஸிடம் சமர்த்தாக இருந்துவிட்டு வீட்டுப்படி ஏறியதும் காரணமில்லாமல் அலறுகிறதே என்று பல அம்மாக்கள் கவலைப்படுகிறார்கள். உங்களிடம் அழலாம் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் அழுகிறது. முதலில் சாப்பிட ஏதாவது, பிறகு மடி. போன், டிவி வேண்டாம். அது சோர்வை இன்னும் கூட்டும். இரண்டு முதல் நான்கு வயதுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்குமேல் கூடாது என்பதும் மூன்றாம் குறிப்பில் சொன்ன அதே வழிகாட்டுதலில் உள்ளது. ராத்திரி படுக்கையில் விளக்கை அணைத்த பிறகு, கேட்காமலே கதை வரும்.

18. முதல் வாரம் சிரித்துக்கொண்டு போன பிள்ளை இரண்டாம் வாரம் அழும். வேடிக்கை முடிந்து, இது தினமும் நடக்கப் போகிறது என்று அதற்கு அப்போதுதான் புரிகிறது. திங்கட்கிழமை, காய்ச்சல் விட்ட மறுநாள், காலாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு எல்லாம் இதே கதை மறுபடி நடக்கும். பன்னிரண்டாம் குறிப்பில் சொன்னதையே திரும்பச் செய்யுங்கள்.

19. எழுதச் சொல்லி வதைக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளையின் விரல் எலும்புகளும் தசைகளும் பென்சிலை இறுக்கிப் பிடித்துக் கோட்டுக்குள் எழுதும் அளவுக்கு இன்னும் முதிரவில்லை. ரோமில் 1907-ல் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, 1939-ல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பென்சிலைத் தொடுமுன் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகச் செய்வது அவருடைய முறை. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதியதும், விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' போடுவதும் அதே வழிதான். வீட்டில் சப்பாத்தி மாவு உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும், பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். ப்ரீகேஜியிலேயே பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம் தரும் பள்ளியாக இருந்தால், மிஸ்ஸிடம் போய் எங்கள் குழந்தைக்கு வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

20. முதல் வருஷம் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். பல குழந்தைகள் சேரும் இடத்தில் அது இயல்பு. பள்ளிக்குமுன் தடுப்பூசி அட்டையைச் சரிபாருங்கள். வந்ததும் சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவப் பழக்குங்கள். காய்ச்சல் இருக்கும்போது மருந்து கொடுத்து இறக்கிவிட்டு அனுப்பாதீர்கள். மருந்தில்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு அனுப்புங்கள். கை, கால், வாயில் கொப்புளம் தெரிந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு, பள்ளிக்கும் சொல்லிவிடுங்கள்.

21. முதல் சில வாரங்களாவது வேனிலோ ஆட்டோவிலோ அனுப்பாமல் வீட்டு ஆளே கொண்டுபோய் விடுவது நல்லது. பிறகு அனுப்பினாலும் டிரைவர் தவிர ஒரு பெண் உதவியாளர் கூட வருகிறாரா, குழந்தைகளை அடைத்து ஏற்றுகிறார்களா என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

22. எப்போது கவலைப்பட வேண்டும்? ஒரு மாதம் தாண்டியும் பள்ளி நேரம் முழுக்க அழுகை ஓயவில்லை, சாப்பாடு குறைந்து எடை இறங்குகிறது, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டது, குறிப்பிட்ட ஒருவரைப் பார்த்தாலோ பெயரைக் கேட்டாலோ உடம்பு விறைக்கிறது, கழிப்பறைக்குப் போகவே அஞ்சுகிறது, உடம்பில் காரணம் தெரியாத தடம் இருக்கிறது என்றால் "பழகிடும்" என்று விடாதீர்கள். குழந்தை சொல்வதை நம்புங்கள். பள்ளியில் நேரில் போய்க் கேளுங்கள், குழந்தை மருத்துவரைப் பாருங்கள். யாராவது துன்புறுத்தியிருக்கலாம் என்று தோன்றினால் 1098-ஐ அழையுங்கள். நாள் முழுவதும் இயங்கும் இலவசக் குழந்தைகள் உதவி எண் அது.

இப்படி எந்த அபாய அறிகுறியும் இல்லாமல், வெறுமனே பிள்ளைக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று மிஸ்ஸும் நீங்களும் நினைத்தால், கட்டணம் கட்டியாகிவிட்டதே என்று இழுத்துக்கொண்டு போக வேண்டாம். நிறுத்திவிடுங்கள். பல பள்ளிகளில் விஜயதசமிக்கு மறுபடி சேர்க்கை உண்டு. அதற்குள் பிள்ளைக்கு நான்கு மாத வளர்ச்சி கூடியிருக்கும்.